பனிமூட்டத்துக்குக் கிடைத்த பொய்ப்புகழ்

கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: வானம் மூடிக்கிடக்கிறது, இன்று பந்து நன்றாக ஸ்விங் ஆகும். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட இந்த வாக்கியம் போகிற ஊரிலெல்லாம் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நம் மலைநாட்டில் அதற்கு இன்னும் கூடுதல் மரியாதை. நுவரெலியாவைக் குட்டி இங்கிலாந்து என்று உல்லாசப் பயணிகளுக்கு விற்கிறோம். குளிர் இருக்கிறது, பனிமூட்டம் இருக்கிறது, பச்சைப் புல் இருக்கிறது. ஆகவே ஸ்விங் பந்துவீச்சுக்கு இலங்கையில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு தவறு என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மலைக்காற்று பந்தை வளைப்பதில் கொழும்புக் காற்றைவிடப் பலவீனமானது. பனிமூட்டம் ஏதாவது செய்கிறதென்றால் அதைத் தரையில்தான் செய்கிறது. எஞ்சிய புகழெல்லாம் பந்து வீசுகிறவருக்கும், பந்தின் தோலுக்கும், மைதானத்துக்கும் சேர வேண்டியது.

முதலில் பந்து ஏன் வளைகிறது என்பதைப் பார்ப்போம். கிரிக்கெட் பந்தின் நடுவில் வட்டமாக ஓடும் தையல் மேட்டைப் பந்துவீச்சாளர் நேராகப் பிடிக்காமல், ஸ்லிப் களத்தடுப்பாளரின் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் பந்தின் மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. தையல் இருக்கும் பக்கத்தில் அந்தப் படலம் தையலில் இடறிக் கொந்தளிப்பாகிறது. வழவழப்பான மறுபக்கத்தில் சீராகவே ஓடுகிறது. கொந்தளித்த படலம் பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டு போகும். சீராக ஓடும் படலம் சீக்கிரமே பிரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வால் பந்தின் பின்னால் விரியும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளப்பட, பந்து எதிர்ப் பக்கமாக, அதாவது தையல் காட்டும் திசையில், தள்ளப்படுகிறது. 1983ல் ‘நேச்சர்’ இதழில் ரபீந்திர மேத்தாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட காற்றுச்சுரங்கச் சோதனைகள் இதை எண்களாகவே தந்தன. தையலின் சாய்வு ஏறத்தாழ 20 பாகை, வேகம் மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டர்: இந்த இடத்தில்தான் ஸ்விங் உச்சம் காண்கிறது. மிதவேகப் பந்துவீச்சாளரின் வேகம்தான் இது. அசுர வேகம் தேவையில்லை.

பந்தைப் பக்கவாட்டில் தள்ளுவது காற்று. அப்படியானால் காற்று எவ்வளவு அடர்த்தியோ, தள்ளுவிசையும் அவ்வளவு. இங்கேதான் நுவரெலியாவின் வழக்கு தோற்கத் தொடங்குகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிரால் காற்று சற்று இறுகுவது உண்மை. ஆனால் அழுத்தத்தில் போனதை ஈடுகட்ட அது போதாது. 28 பாகைச் செல்சியசில் கொழும்புக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.16 கிலோ. 16 பாகைச் செல்சியசில் நுவரெலியாக் காற்று சுமார் 0.97 கிலோ. ஆறில் ஒரு பங்கு குறைவு. ஹட்டன் 1,271 மீட்டர்தான் என்பதால் அங்கே இழப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவே. கொழும்பில் அரை மீட்டர் வளையும் ஒரு பந்தை அதே கை அதே விதத்தில் நுவரெலியாவில் வீசினால் 42 சென்டிமீட்டர் அளவுக்கே வளையும். எட்டுச் சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். பந்தின் விட்டம் ஏழு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். துடுப்பின் அகலம் பதினொரு சென்டிமீட்டருக்குள். விளிம்பில் உரசி ஸ்லிப்புக்குப் போகிற பந்துக்கும் துடுப்பின் நடுவில் படுகிற பந்துக்கும் இடையே உள்ள தூரமே அதுதான்.

அடுத்து, எல்லோரும் சாட்சிக்கு அழைக்கும் ஈரப்பதம். ஈரமான காற்று கனமானது, அதனால் பந்தைப் பலமாகத் தள்ளும் என்று ஒரு விளக்கம் மைதானங்களில் உலாவுகிறது. உண்மை நேர்மாறு. நீராவியின் மூலக்கூறு காற்றின் மற்ற மூலக்கூறுகளைவிட இலேசானது. நீராவி கூடக் கூடக் காற்றின் கனம் குறையும். குறைவதும் பெரிய அளவில் இல்லை. நுவரெலியாக் குளிரில் முற்றிலும் உலர்ந்த காற்றுக்கும் முற்றிலும் ஈரமான காற்றுக்கும் அடர்த்தியில் ஒரு சதவீத வித்தியாசம்கூடக் கிடையாது. பனிமூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளிகளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், அடர்ந்த மூட்டத்திலும் அவை ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராமைத் தொடாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வெயிலடிக்கும் ஒரு சாதாரண கொழும்பு நாளில், 28 பாகையில், ஈரப்பதம் 80 சதவீதமென்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். கண்ணுக்கு எதிரில் உள்ள மலை மறையும்படி மூடிய நுவரெலியாவில், 16 பாகையில், நூறு சதவீத ஈரப்பதத்திலும் 14 கிராம் தேறாது. குளிர்ந்த காற்றால் அதற்கு மேல் நீராவியைச் சுமக்க முடியாது. சுமக்க முடியாததுதான் மூட்டமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர்கள் இதை நன்றாக அறிவார்கள். மூடிய நாட்களில் கொழுந்து வாட நெடுநேரம் எடுப்பதற்குக் காரணம் காற்றில் தண்ணீர் அதிகம் என்பதல்ல, இன்னும் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்ள அந்தக் காற்றில் இடமில்லை என்பதே. அதனால்தான் அவர்கள் வெப்பமானியில் ஒரு குமிழைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஈரக்குமிழ், உலர்குமிழ் இரண்டையும் பார்க்கிறார்கள். நீராவிதான் பந்தை வளைக்கிறது என்றால், உலகின் சிறந்த ஸ்விங் களம் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானமாக இருக்க வேண்டும். நுவரெலியா வெகு பின்னால் நிற்க வேண்டும்.

நியாயமான மறுப்பு ஒன்று இங்கே எழுகிறது. நூற்றாண்டுக்கு மேலாக ஆடியவர்களின் அனுபவம் பொய்யா? மேகம் வந்ததும் பந்து வளையத் தொடங்கியதைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கண்டது பொய்யல்ல. கண்டதற்குச் சொன்ன காரணம்தான் ஐயத்துக்குரியது. நமக்கு நெருக்கமான, மறக்க விரும்புகிற ஒரு சாட்சியையே எடுத்துக்கொள்கிறேன். 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானம். மழையால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளை எடுத்து, மொத்தமாக 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளுடன் முடித்தார். இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மேகம் நின்ற நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நகரத்தில், எஸ்.எஸ்.சி. மைதானத்தில், 2001 டிசெம்பர் 8 அன்று சமிந்த வாஸ் 19 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்து சிம்பாப்வேயை 38 ஓட்டங்களில் முடித்ததையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் கடல் மட்டத்தில், வெப்பக் காற்றில் நடந்தவை. இரண்டிலும் பந்து புதியது, தையல் நிமிர்ந்து நின்றது, பந்து துடுப்பாட்ட வீரரின் காலடிக்கு அருகே குத்தியது.

2012ல் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். ஈரப்பதம் ஏறினால் தோல் உப்பித் தையல் மேடு எழும்புமா என்று பந்துகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வைத்து முப்பரிமாணமாக அளந்தார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. அதன்பின் அவர்கள் முன்வைத்த கருத்து எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. வெயில் தரையைச் சுடவைக்கும்போது சூடான காற்று குமிழ் குமிழாக மேலெழுந்து ஆடுகளத்துக்கு மேலுள்ள காற்றைக் கலக்குகிறது. பந்தின் வழவழப்பான பக்கத்தில் சீராக ஓட வேண்டிய படலம் அந்தக் கலக்கத்தில் சிதறினால் ஸ்விங் குறையும். மேகம் வெயிலை மறைத்தால் காற்று அடங்குகிறது. மேகம் எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை. வெயில் கெடுப்பதைத் தடுக்கிறது. இது இன்னும் முடிவாக நிறுவப்பட்ட உண்மை அல்ல, கருதுகோள்தான். ஆனால் ஈரப்பதக் கதையைப் போல அடிப்படைப் பௌதிகத்தோடு மோதவில்லை.

மலையில் இந்தக் கருதுகோளுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. பள்ளத்தாக்கில் இரவு முழுவதும் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கித் தேங்கி நிற்கும். விடிகாலையில் இலை அசையாது. வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் காற்று திசை மாறி மேல்நோக்கி வீசத் தொடங்கும். நண்பகலை நெருங்க மைதானத்தின் ஒரு முனையில் நிற்பவரின் முகத்திலும் மறுமுனையில் நிற்பவரின் முதுகிலும் அதே காற்று அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குச் சரிவில், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கமெல்லாம், ஆட்டத்துக்கே இடமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை, திம்புள்ளத் தேயிலைக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் அந்த உலர்ந்த குளிர் மாதங்களில்தான் மேற்கு மலைகளில் கிரிக்கெட் ஒழுங்காக நடக்க முடியும். அப்போது மூட்டம் குறைவு, வானம் தெளிவு. ஆக, இங்கே ஸ்விங்குக்கு உகந்த நேரம் என்று ஒன்று இருந்தால் அது காலை வேளை. மூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பனிமூட்டம் தரையில் செய்வது வேறு கதை. ஆடுகளம் உலராது, புல் ஈரமாகவே நிற்கும். ஈரம் பிடித்த ஆடுகளத்தில் பந்து தையலில் குத்தி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பும். பார்வையாளர் அதையும் ஸ்விங் கணக்கிலேயே எழுதிவிடுகிறார். காற்றில் வளைவது வேறு, தரையில் பட்டுத் திரும்புவது வேறு. முன்னதற்குக் காற்றும் பின்னதற்கு மண்ணும் பொறுப்பு. பச்சைப் புல்லின் மேல் உருளும் பந்துக்குப் பளபளப்பு நீடிப்பது மெய்யான உதவி. அதே ஈரம் அளவு மீறினால் பந்து நனைந்து, மெருகு மங்கி, விரலுக்குள் வழுக்கும். பகலிரவுப் போட்டிகளில் பனி இறங்கியதும் பந்துவீச்சாளர்கள் துவாயோடு படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை வானிலையில் தேட வேண்டியதில்லை. பக்கவாட்டு விலகல், பந்து காற்றில் இருக்கும் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கோட்டுக்குக் கோடு ஏறத்தாழ 17.7 மீட்டர். துடுப்பாட்ட வீரரின் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால் குத்தும் பந்து ஏறத்தாழ 15.7 மீட்டர் பறக்கிறது. ஏழு மீட்டர் முன்னால் குத்தும் பந்து 10.7 மீட்டர்தான் பறக்கிறது. தரையில் படும் முன் இரண்டாவது பந்து வளையும் அளவு முதலாவது வளைந்ததில் பாதியைக்கூட எட்டாது. நுவரெலியா மலை முழுவதும் சேர்ந்து பிடுங்கிக்கொள்வது ஆறில் ஒரு பங்கு. குட்டையாகப் போடும் பந்துவீச்சாளர் தானே பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார். வானம் மூடியதும் தலைவர் ஸ்லிப்பில் மூவரை நிறுத்துகிறார், பந்துவீச்சாளர் துணிந்து முன்னால் போடுகிறார், பந்து வளைகிறது, மேகத்துக்குப் பெயர் கிடைக்கிறது. வெயில் நாளில் அதே ஆள் அடி விழுமென்று பயந்து குட்டையாகப் போடுகிறார், பந்து வளையவில்லை, வெயிலுக்குப் பழி. நம்பிக்கை தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும் விதம் இது. இந்தச் சுழற்சியைத்தான் தலைமுறைகளின் அனுபவம் என்கிறோமோ என்பது என் சந்தேகம்.

உயரம் பற்றிய என் வாதத்துக்கு எதிராக ஜொகனஸ்பேர்க் நகரைக் காட்டுவோர் உண்டு. அந்த நகரம் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில், நுவரெலியாவுக்குச் சற்றே கீழே இருக்கிறது. அங்குள்ள வொண்டரர்ஸ் மைதானத்தில் 2016 ஜனவரியில் ஸ்டுவர்ட் ப்ரோட் 17 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள் எடுத்து தென்னாபிரிக்காவை 83 ஓட்டங்களில் முடிக்கவில்லையா? முடித்தார். அந்த மைதானத்தின் பலம் எழும்பும் ஆடுகளமும் தையலில் கிடைக்கும் திருப்பமும். மெல்லிய காற்று பந்தின் வேகத்தைக் குறைவாகவே பறிக்கும் என்பதால் துடுப்பாட்ட வீரருக்குக் கிடைக்கும் அவகாசமும் ஒரு மயிரிழை குறைகிறது. அதே மெல்லிய காற்று அடித்த பந்தையும் தூரமாகப் போகவிடும். 2006 மார்ச் 12 அன்று அவுஸ்திரேலியா 434 ஓட்டங்கள் குவிக்க, தென்னாபிரிக்கா 438 எடுத்து வென்றதும் இதே வொண்டரர்ஸில்தான்.

உயரம் ஸ்விங்கின் அளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை, வேகத்தின் கணக்கையும் மாற்றுகிறது. பந்தின் மேல் படலம் எப்போது தானாகவே கொந்தளிக்கும் என்பது வேகத்தையும் காற்றின் அடர்த்தியையும் சேர்த்துப் பொறுத்தது. காற்று மெலிந்தால் அதே நிலையை அடைய வேகம் கூட வேண்டும். கொழும்பில் 113 கிலோமீட்டரில் கிடைக்கும் உச்ச ஸ்விங் நுவரெலியாவில் ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் கிடைக்கும். பாடசாலை மிதவேகப் பந்துவீச்சாளர் எட்டாத வேகம் அது; தேசிய அணி வேகப்பந்து வீச்சாளருக்குச் சாதாரணம். தலைகீழ் ஸ்விங்குக்கு, அதாவது தையல் காட்டும் திசைக்கு எதிராக வளைவதற்கு, நிலைமை இன்னும் மோசம். புதுப் பந்து 140 கிலோமீட்டர் அளவில் தலைகீழாக வளையத் தொடங்குமென்றால், அந்த எல்லை மலையில் 160ஐத் தாண்டுகிறது. 2003 உலகக் கிண்ணத்தில் சொயிப் அக்தர் தொட்ட 161.3 கிலோமீட்டர்தான் பதிவான வேகங்களில் உச்சம். ஒரு பக்கம் தேய்ந்து சொரசொரத்த பழைய பந்துக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. அந்தத் தேய்மானத்தை ஒரு பக்கத்தோடு நிறுத்த மைதானம் அனுமதிக்க வேண்டும், அவ்வளவே.

மைதானம் என்றதும் பேச்சு காற்றைவிட்டு நம் ஊருக்குள் வந்துவிடுகிறது. டிக்கோயாவின் தரவளையிலும், நானுஓயாவுக்கு அருகே ராதல்லையிலும் தோட்டத்துரைமார் தங்களுக்கென்று கழகங்கள் அமைத்து, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே புல்தரை விரித்து கிரிக்கெட் ஆடினார்கள். சமதரை அரிதான நாட்டில் நல்ல சமதரை அந்த ஆட்டத்துக்குப் போனது. அந்தத் தரையைச் சமன்படுத்திய கைகளின் வாரிசுகள் பிரட்டுக்களத்திலும், லயத்துக்கு முன்னுள்ள வாசலிலும், தொழிற்சாலைக்குப் போகும் பாதையிலும் மென்பந்து ஆடுகிறார்கள். டென்னிஸ் பந்துக்கு நிமிர்ந்த தையல் கிடையாது, ஒரு பக்கம் வழவழப்பு கிடையாது. அது முழுவதும் மயிர். காற்றுப் படலத்தை ஒரு பக்கத்தில் மட்டும் இடறச்செய்யும் அமைப்பே இல்லாதபோது ஸ்விங் கற்க வழி எங்கே? ஒரு பக்கம் டேப் ஒட்டினால் வளையும். பாகிஸ்தானில் வேகப்பந்து வீச்சாளர்கள் பலர் டேப் பந்தில்தான் தொடங்கினார்கள். கடினப் பந்து கையில் கிடைக்கும் பாடசாலையிலும் அடித்தளம் பெரும்பாலும் கொங்கிரீட்டும் அதன்மேல் விரித்த மெட்டிங்கும்; சுற்றிலும் சரளைக்கல் தரை. நாலைந்து ஓவரில் இரு பக்கமும் ஒரேமாதிரி உரிந்துபோன பந்தில் பளபளப்பும் இல்லை, தேய்ந்த பக்கம் என்ற வேறுபாடும் இல்லை. அத்தகைய பந்து நேர் ஸ்விங்குக்கும் உதவாது, தலைகீழ் ஸ்விங்குக்கும் உதவாது.

இங்கே ஒருவர் முத்தையா முரளிதரனைச் சுட்டிக்காட்டலாம். 1920ல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன், 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தவர். நிலைமை தடுத்ததா என்று கேட்கலாம். அவர் வளர்ந்தது தோட்டத்தில் அல்ல, கண்டியில். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் தரையும் பயிற்சியும் அவருக்குக் கிடைத்தன. அங்கே அவர் தொடங்கியது மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் யோசனைப்படி 14 வயதில் சுழற்பந்துக்கு மாறினார். அந்த மாற்றத்தால் உலகத்துக்கு லாபம். ஸ்விங் பந்துவீச்சாளர் ஒருவர் மலையகத்தில் உருவாக முடியுமா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாகாது.

காலநிலை நம் கையில் இல்லை, அதைப் பேசி என்ன பயன் என்ற கடைசி மறுப்பையும் கேட்டிருக்கிறேன். என் வாதம் அதற்கு உடன்பாடானதுதான். கையில் இல்லாததற்கு நாம் கொடுத்துவந்த இடம் மிக அதிகம் என்பதே என் பேச்சு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலைப் பயிற்றுநர் நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. பயிற்சியைப் பின்னேரத்திலிருந்து விடுமுறை நாளின் காலைக்கு மாற்றலாம். வலைப்பயிற்சிக்கு ஒரே ஒரு நல்ல பந்தை ஒதுக்கி, அதைச் சரளையில் உருளவிடாமல் வலைக்குள்ளேயே வைத்திருக்கலாம். துடுப்பாட்டக் கோட்டுக்கு இரண்டு, மூன்று மீட்டர் முன்னால் ஒரு பழைய சாக்கை விரித்து, பந்து அதில் விழ வேண்டும் என்று சொல்லலாம். பந்து பறக்கும்போது தையல் தள்ளாடாமல் நிற்கிறதா என்பதை விக்கெட் காப்பாளருக்குப் பின்னால் கைத்தொலைபேசியை வைத்துப் படமெடுத்துப் பார்க்கலாம். தள்ளாடும் தையலை எந்த மேகமும் சரிசெய்யாது. அதற்கு மணிக்கட்டைத்தான் திருத்த வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஒருநாள் கொழும்புக்கு இறங்கி ஆடும்போது பந்து பழகியதைவிட ஒரு பந்தின் அகலம் கூடுதலாக வளையும். முதல் ஓவரிலேயே வைட் போகாமல் இருக்க, அதையும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.